ஆறு குட்டித்தூக்கம் கட்டுப்படியாகுமா?

4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 20 நிமிடம் தூக்கம். ஒரு நாளைக்கு ஆறு தடவை. கூட்டினால் இரண்டே மணி நேரம்தான் வருகிறது. மிச்சமுள்ள 22 மணி நேரமும் நம் கையில். ‘ஊபர்மேன்’ அட்டவணை என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரவில் மூன்று, மூன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் பகலில் மூன்று குட்டித்தூக்கம் போடும் ‘எவ்ரிமேன்’ என்ற சற்றே இளகிய வகையும் உண்டு. தூக்கத்தை ஒரே கட்டாக வைத்துக்கொள்ளாமல் துண்டுபோட்டு, துண்டுபோடும் சாக்கில் அளவையும் குறைத்துக்கொள்வதுதான் இந்த முறைகள் எல்லாவற்றின் சூட்சுமம். பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் ஐ.டி. வேலை பார்க்கிறவர்களும் ஆசையோடு விசாரிக்கிறார்கள். ஆயுளில் மூன்றில் ஒரு பங்கைத் தூங்கியே தொலைக்கிறோமே என்ற ஆதங்கம் யாருக்குத்தான் இல்லை?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் திருநாவலூரில் ஒருவர் இந்த அட்டவணையைப் பிடித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி 2, காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஆறு வேளை. ராத்திரி 2 மணிக்குப் படுத்து 2.20க்கு எழுந்து உட்கார்ந்தால், தெருநாயைத் தவிரப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. காலை 6 மணி என்பது பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோகிற நேரம். குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓடவேண்டியதும் அப்போதுதான். 10 மணிக்குக் களையெடுப்பு ஆட்களோடு வயலில் நிற்பவர், “இதோ வந்துட்டேன்” என்று வரப்பில் துண்டை விரித்தால் அன்றைய கூலி சந்தேகம்தான். மதியம் 2 மணிக்கு மட்டும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஊரில் பாதிப்பேர் அப்போது சாய்ந்துதான் இருப்பார்கள். மாலை 6 மணியோ விளக்கு வைக்கிற நேரம். அந்நேரம் கண்ணசந்தால் வீட்டுக்கு மூதேவி வந்துவிடுவாள் என்று பாட்டி கையிலிருப்பதை எடுத்து எறிவாள். இரவு 10 மணிக்கு எல்லோரோடும் படுத்துக்கொள்ளலாம், ஆனால் 10.20க்கு அலாரம் அடிக்கும். வீடே எழுந்து திட்டும். ஆறில் ஒன்றுதான் தேறுகிறது. அந்த ஒன்று தற்செயலாகத் தேறியதல்ல.

இதில் முன்னோடி என்று அடிக்கடி சொல்லப்படும் லியனார்டோ டா வின்சி அப்படித் தூங்கினார் என்பதற்கு நம்பத்தக்க சான்று ஏதுமில்லை. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் கதைக்காவது அச்சில் ஆதாரம் இருக்கிறது. 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் மட்டும் தூங்கி இரண்டு வருஷம் ஓட்டியதாக அவர் சொன்னதை 1943இல் ‘டைம்’ பத்திரிகை வெளியிட்டது. ஏன் விட்டார்? உடம்பு தாங்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. கூடத் தொழில் செய்தவர்கள் மற்ற மனிதர்களைப் போலத் தூங்கினார்களாம், அவர்களோடு ஒத்துப்போக முடியவில்லையாம். எத்தனையோ பேர் இந்த முயற்சியைக் கைவிட்டதற்கு அவர்களே சொல்லும் காரணமும் இதுதான். ஊர் ஒரு கடிகாரத்தில் ஓடும்போது ஒருவர் மட்டும் வேறு கடிகாரத்தில் ஓடமுடியாது.

ஆனால் ஊர் ஒத்துழைத்தாலும் உடம்பு ஒத்துழைக்காது என்பதுதான் அறிவியல் சொல்லும் சேதி. தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று 1982இல் ஸ்விட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். முதலாவது தூக்க அழுத்தம். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் போன்ற பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். தூங்கினால்தான் அந்தப் பாக்கி தீரும். இரண்டாவது உடலின் கடிகாரம். இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. கண்வழி வரும் வெளிச்சத்தைப் பார்த்து அது ஒவ்வொரு நாளும் தன்னைத் திருத்திக்கொள்ளும். இருட்டியபின் மெலடோனின் சுரக்கவைப்பது, உடற்சூட்டைக் குறைத்து அதிகாலை 4 மணி வாக்கில் அடிமட்டத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அதன் பொறுப்பு.

இந்த இரண்டும் எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து விழித்திருந்ததால் அழுத்தம் கூடிப்போயிருக்கும். கண் சொருகவேண்டும், ஆனால் சொருகுவதில்லை. அந்த நேரத்தில்தான் உடற்கடிகாரம் ‘முழித்திரு’ என்று உச்சபட்ச வேகத்தில் தள்ளுகிறது. இஸ்ரேலைச் சேர்ந்த பெரெட்ஸ் லாவி 1980களில் இதை விசித்திரமான ஒரு சோதனையில் பிடித்துக்காட்டினார். ஆட்களை 7 நிமிடம் படுக்கவைத்து 13 நிமிடம் எழுப்பிவைத்து, மறுபடி 7 நிமிடம் படுக்கவைத்து, இப்படியே நாள் முழுக்கச் செய்தார். முந்தின இரவு தூங்காதவர்கள்கூட, வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் தூக்கம் பிடிக்காமல் தவித்தார்கள். அந்த வேளைக்கு அவர் தூக்கத்தின் தடைமண்டலம் என்றே பெயர் வைத்தார். அதே சோதனையில் பிற்பகலில் தூக்கம் சுலபமாக வந்தது. மூதேவி வருவாளோ மாட்டாளோ, அந்தியில் தூங்கப் பார்க்கிறவனுக்கு உடம்பு வழிவிடாது. தப்பித்தவறித் தூங்கிவிட்டால் ராத்திரித் தூக்கம் கெடும். பாட்டிக்குக் காரணம் வேறு. கணக்கு என்னவோ சரியாகத்தான் இருக்கிறது.

தூக்கத்தின் உள்ளேயும் ஒரு வரிசை இருக்கிறது. ஏறக்குறைய 90 நிமிடம் ஒரு சுற்று. ஒரு நல்ல இரவில் நாலைந்து சுற்று. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் நிறைய. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத்தூக்கம் கூடும். இட்லி மாவு மாதிரிதான் இதுவும். ராத்திரி முழுக்க அசையாமல் இருந்தால்தான் புளிக்கும். ஆறு தடவை இருபது இருபது நிமிடம் வெளியே வைத்து எடுத்தால் புளிக்காது. ஊபர்மேன்காரர்களின் நம்பிக்கை வேறு மாதிரி: சில வாரம் தூக்கப் பட்டினி போட்டால் மூளை பழகிக்கொண்டு, படுத்த உடனே தேவையான கட்டத்துக்கு நேராகப் போய்விடும் என்கிறார்கள். அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளை அமைத்த நிபுணர் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தோண்டிப் பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டது. இந்த அட்டவணைகளால் நன்மை விளைவதற்குச் சான்று கிடைக்கவில்லை; உடல்நலம், மனநலம், வேலைத்திறன் மூன்றிலும் கெடுதலுக்குத்தான் சான்று இருந்தது.

“நான் செய்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பவர்களை என்ன செய்வது? அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பென்சில்வேனியாவில் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 14 நாட்களுக்கு ஒரு கூட்டத்துக்கு இரவில் 4 மணி நேரம், இன்னொன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 8 என்று அளந்து படுக்கை கொடுத்தார்கள். 6 மணி நேரக்காரர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ‘தூக்கம் வருகிறதா?’ என்று கேட்டபோது, சில நாள் கழித்து அவர்களது பதிலில் பெரிய மாற்றமே இல்லை, பழகிவிட்டதாக நினைத்தார்கள். எவ்வளவு மந்தமாகிவிட்டோம் என்று அளக்கும் கருவியே மூளைதான் என்கிறபோது, அதுவே மந்தமானால் யாரைக் கேட்பது?

அட்டவணை பார்த்துத் துண்டுபோடுகிறவர்கள் சிலர்தான். வேறு வழியில்லாமல் துண்டுபட்ட தூக்கத்தில் வாழ்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். கரும்பாலையில் அரவைப் பருவம் வந்தால் ராத்திரி ஷிப்டு ஓடும். நெய்வேலிச் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஷிப்டு உண்டு. கல்வராயன் மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டவர்கள் காட்டுப்பன்றிக்குக் காவலிருந்து முறைபோட்டுத் தூங்குவார்கள். எல்லாவற்றையும்விடப் பரவலானது ராத்திரித் தண்ணீர் பாய்ச்சல். பம்ப்செட்டுக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்டைப் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறைவைத்து விட்ட காலம் நீண்டது. விவசாயக் குடும்பங்களுக்கு அந்த ராத்திரிகள் நன்றாக நினைவிருக்கும். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடவேண்டும். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மடையைத் திருப்பி அடுத்த பாத்திக்கு விடவேண்டும். பாத்தி நிறைய அரை மணியோ ஒரு மணியோ ஆகும். அதற்குள் மோட்டார் கொட்டகையில் உரச்சாக்கை விரித்து ஒரு கோழித்தூக்கம். மோட்டார் சத்தம் கேட்கிறவரை தூங்கலாம். சத்தம் நின்றால் கண் தானாகத் திறந்துகொள்ளும், கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு டார்ச்சு வெளிச்சத்தில் வரப்பில் நடக்கவேண்டும். கண்ணாடி விரியன் குறுக்கே கிடக்கிற அதே வரப்பு.

இதைவிட அசல் ஊபர்மேன் எங்கே கிடைப்பான்? ஆனால் அந்தத் தூக்கத்தால் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்ததாக எந்த விவசாயியும் சொல்லிக் கேட்டதில்லை. அடுத்த நாள் புளியமரத்தடியில் பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் மறுவேலை. செல்போனிலேயே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஸ்டார்ட்டர்கள் வந்தபோது, காசு புரட்ட முடிந்தவர்கள் முதலில் வாங்கியது ஒரு முழு ராத்திரியைத்தான் என்று சொல்லவேண்டும்.

துண்டுத்தூக்கத்தில் இன்னொரு தொல்லை, எழுந்த பிறகு வரும் தூக்கக்கலக்கம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மூளை உடனே முழுவேகத்துக்கு வராது. கால் மணி நேரம், சிலருக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். உடற்சூடு அடிமட்டத்தில் இருக்கும் பின்னிரவில் அது இன்னும் மோசம். ஒரு நாளைக்கு ஆறு தடவை எழுகிறவன் ஆறு தடவை இந்த வரியைக் கட்டவேண்டும். திருநாவலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளியூர் உதாரணம் தேவையில்லை. அவ்வூரில் பிறந்த சுந்தரர், திருவதிகைக்கு வெளியே சித்தவடமடத்தில் ஓர் இரவு படுத்திருந்தார். இருட்டில் ஒரு முதியவர் வந்து பக்கத்தில் படுத்து, அவர் தலைமேல் காலை நீட்டினார். சுந்தரர் தலையை வேறு பக்கம் மாற்றிப் படுத்தார். அங்கேயும் கால் வந்தது. இப்படிப் பல தடவை நடந்தபிறகுதான் ‘நீர் யார்?’ என்று கேட்கிறார் என்கிறது பெரியபுராணம். வந்தவர் சிவபெருமான். பக்திக்கு அது ஆட்கொள்ளல். தூக்க ஆய்வாளர் யாராவது படித்தால், அந்தக் கேள்வி வர அவ்வளவு நேரம் ஆனதைத்தான் முதலில் குறித்துக்கொள்வார்.

அப்படியானால் ஒரே கட்டாகத் தூங்குவதுதான் இயற்கையா? இதில் ஒரு சுவாரஸ்யமான வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ரோஜர் எகிர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாய்வாளர் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார். மின்விளக்குக்கு முந்தைய ஐரோப்பாவில் மக்கள் ‘முதல் தூக்கம்’, ‘இரண்டாம் தூக்கம்’ என்று இரண்டு தவணையாகத் தூங்கினார்கள், நடுவில் ஒரு மணி நேரம் எழுந்து ஜெபித்தார்கள், பேசினார்கள் என்று நீதிமன்றப் பதிவுகளிலிருந்தும் நாட்குறிப்புகளிலிருந்தும் காட்டினார். அதற்கு முன்பே தாமஸ் வேர் என்ற மருத்துவர், ஆட்களை நாள்தோறும் 14 மணி நேர இருட்டில் வைத்தபோது அவர்கள் தூக்கம் தானாகவே இரண்டாகப் பிரிந்ததைக் கண்டிருந்தார். துண்டுத்தூக்க ஆதரவாளர்கள் இதைக் கொடியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் பூகோளத்தையும் பார்க்கவேண்டும். லண்டனின் டிசம்பர் இரவு 16 மணி நேரம். திருநாவலூர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரிக்கும் குறைவான தூரத்தில். இங்கே மார்கழியின் மிக நீண்ட இரவே பன்னிரண்டரை மணி நேரத்தைத்தான் தொடுகிறது. சாப்பிட்டு, பேசி, படுத்து எழுந்தால் விடிந்துவிடும். நடுவில் உட்கார்ந்திருக்க உபரி இருட்டு ஏது? 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் துணைவருகிறது. தான்சானியாவின் ஹட்ஸா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே ஆகிய மூன்று சமூகங்களும் வெப்பமண்டலத்தை ஒட்டி, மின்சாரம் இல்லாமல் வாழ்பவை. அவர்கள் இரவில் 5.7 முதல் 7.1 மணி நேரம் வரை தூங்கினார்கள், பெரும்பாலும் ஒரே கட்டாக. நாம் நினைப்பதுபோல் பொழுது சாய்ந்ததும் படுக்கவில்லை. சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் படுத்தார்கள். பகல் தூக்கம் குளிர்காலத்தில் மிக அபூர்வம், கோடையில் கூடியது. இரண்டு தவணை இரவு வடக்கின் பனிக்காலத்துக்கு உரியது. நம் வெயிலுக்கு உரியது வேறொரு துண்டு.

அது மதியத்தில் இருக்கிறது. ‘உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு’ என்று சோற்றின் மேல் பழிபோடுவது நம் வழக்கம். திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர் ஊரிலேயே இதை மறுப்பது சங்கடம்தான், ஆனால் சோறு பாதிக் குற்றவாளிதான். மதியச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டு மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்துச் செய்த சோதனைகளிலும் பிற்பகலில் ஒரு சரிவு தெரிந்தது. காலையின் உற்சாகம் வடிந்து, சாயங்காலத் தள்ளு இன்னும் தொடங்காத இடைவெளி அது. வெயில் உச்சியில் இருப்பதும் அப்போதுதான். வெளியில் நின்று ஆகப்போவது ஒன்றுமில்லை. இதை முதலில் ஒப்புக்கொண்டவை நம் கோயில்கள் என்று நினைக்கிறேன். உச்சிகாலப் பூஜை முடிந்து நடை சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். இரவில் பள்ளியறை, மதியத்தில் ஓய்வு: சாமிக்கே இரண்டு தவணைதான் விதித்திருக்கிறார்கள். சாத்திய கதவுக்கு வெளியே கல்மண்டபத்தில் படுத்திருப்பவர்களும் அதே அட்டவணைக்காரர்கள்.

அந்த மதியத் துண்டுக்கு என்ன பெறுமானம் என்று பார்த்த மிகக் கவனமான ஆய்வுகளில் ஒன்று சென்னையில்தான் நடந்தது. பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மாட்டி டோமா ஆகிய ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள் செய்து 2021இல் வெளியிட்டது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரைக் கணினியில் தகவல் பதியும் வேலைக்கு எடுத்து, மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். படுக்கையில் கிடப்பது 8 மணி நேரம். உண்மையில் தூங்குவது ஐந்தரை மணி நேரம். கொசு, புழுக்கம், சத்தம், வெளிச்சம், நெருக்கடியான வீடு. இரவெல்லாம் விழித்து விழித்துத் தூங்கிய தூக்கம். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது போன்ற தூக்கநோய் உள்ளவர்களின் கணக்கோடு ஒப்பிடத்தக்க தரம்தான் அதற்கு இருந்தது. பணக்கார நாட்டில் ஒருவர் வேண்டுமென்று போட்டுக்கொள்ளும் துண்டுகளைச் சென்னையின் ஓட்டுவீடு இலவசமாகப் போட்டுக்கொடுத்துவிடுகிறது.

ஒரு கூட்டத்துக்கு மின்விசிறி, மெத்தை, தலையணை, கண்பட்டை, காதடைப்பான் எல்லாம் கொடுத்து, ஆலோசனையும் ஊக்கமும் தந்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. நிபுணர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது, வேலை நன்றாகக் கூடும் என்று ஆருடம் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் கூடவில்லை. வேகம், கவனம், மனநிலை எதிலும் கண்ணில்படும் மாற்றம் இல்லை. இன்னொரு கூட்டத்துக்கு வேலையிடத்திலேயே மதியம் அரை மணி நேரம் படுக்க வசதி செய்து கொடுத்தார்கள். அவர்களுடைய வேலைத்திறன், கவனம், மனநலம் மூன்றும் தேறின. தூங்கிய நேரம் வேலை நேரத்திலிருந்து கழிந்தது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. இடைவேளையே எடுக்காமல் உழைத்தவர்கள் மொத்தத்தில் அதிக நேரம் உழைத்தார்கள். ஆனால் சும்மா இடைவேளை எடுத்தவர்களைவிடத் தூங்கியவர்களுக்கு லாபம்.

27 நிமிடம் இரவில் கூடியும் பலனில்லை, மதியம் அரை மணிக்குப் பலன் உண்டு என்பது ஏன்? முறிந்த இரவோடு இன்னும் கொஞ்சம் முறிந்த தூக்கத்தைச் சேர்த்தால் தரம் கூடாது என்பது ஒரு விளக்கம். அமைதியான, காற்றோட்டமான இடத்தில், உடம்பே வழிவிடும் வேளையில் கிடைத்த அரை மணி வேறு சரக்கு. எனக்கு இதில் உறைப்பது இன்னொன்று: அந்த மதியத்தூக்கம் இரவுத் தூக்கத்தைக் கழித்துக்கொண்டு வந்ததல்ல, அதன்மேல் கூட்டியது. விண்வெளிப் பயணிகளுக்காகத் தூக்கத்தை இரவு ஒன்று, பகல் ஒன்று எனப் பிரித்துப் பார்த்த சோதனையிலும் இதே தொனிதான். இரண்டாகப் பிரித்ததால் திறன் கெடவில்லை, கூடவும் இல்லை. இரண்டையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைந்தது. பிரிக்கலாம், குறைக்க முடியாது.

தேரையர் தம் நோயணுகா விதியில் பகல் உறக்கமே கூடாது என்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று மணிக்குப் படுத்து விளக்கு வைக்கும் நேரம் வரை நீளும் தூக்கத்துக்கு அது முழுக்கப் பொருந்தும். சேர்ந்திருந்த அழுத்தத்தை அது தின்றுதீர்த்துவிடும், இரவு 12 மணிக்கும் கண் மூடாது. 20, 25 நிமிடத்தில் எழுந்துவிட்டால் பெரும்பாலும் ஆழ்ந்த கட்டத்துக்குள் இறங்கியிருக்க மாட்டோம். கலக்கமும் குறைவு, ராத்திரிக்கும் மிச்சமிருக்கும். அமெரிக்காவின் நாசா 1990களில் வெளியிட்ட ஆய்வில், நீண்டதூர விமானிகளுக்கு முறைவைத்து 40 நிமிட ஓய்வு கொடுத்தபோது அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம். தரையிறங்கும் நேரத்தில் தூங்காத விமானிகளைவிட அவர்கள் விழிப்பாக இருந்தார்கள்.

விமானிக்கு முறை இருக்கிறது. உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடியைத் தாண்டி விடியற்காலையில் சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் லாரி ஓட்டுநருக்குத்தான் தன் முறையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாலையோரக் கடையில் நிறுத்தி, முகம் கழுவி, டீ குடித்து உடனே கிளம்புவதுதான் வழக்கம். 1990களில் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ரெய்னரும் ஜிம் ஹார்னும் களைத்த ஓட்டுநர்களைச் ஓட்டிப்பார்க்கும் மாதிரிக் காரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். காபி மட்டும் குடித்ததைவிட, காபியைக் குடித்த கையோடு கால் மணி நேரம் கண்ணை மூடியது அதிகம் உதவியது. காஃபீன் மூளைக்குப் போய்ச்சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும்; அதற்குள் குட்டித்தூக்கம் முடிந்திருக்கும், எழும்போது இரண்டின் பலனும் ஒன்றாக வந்து சேரும். அவர்கள் கொடுத்தது 200 மில்லிகிராம் காஃபீன். நம் டீ கிளாஸில் அவ்வளவு இருக்காது, ஸ்ட்ராங்காக ஒரு காபி தேவலை. குடித்துவிட்டு, வண்டியைத் தார்ச்சாலையை விட்டு நன்றாக இறக்கி நிறுத்தி, 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு சாயவேண்டும். எழுந்ததும் சாவியைத் திருகாமல் பத்து நிமிடம் வெளியில் நடந்துவிட்டு ஏறவேண்டும்.